ஆறாவது சுற்றில் ஒரு கிக்கர்

அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில், ஆற்றின் கிழக்குக் கரையில், மளிகைக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் எர்னி சபாடோஸுக்கு அறுபத்தோரு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன, வலது காது பாதி போய்விட்டது, வாய் மட்டும் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கிறது. அந்த வாயை வைத்துக்கொண்டுதான் அவன் இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மாலையும் வானொலிக்குப் போன் போட்டு, பந்தைக் கையால் எறிந்தும் சுமந்தும் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலில் ஊர் அணியான கிளாஸ்மென்னை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று சொல்லிவந்தான். அணியும் நிமிரவில்லை, இவனும் விட்டபாடில்லை.

அவன் சித்தாந்தம் கிடங்கிலிருந்து வந்தது. பீன்ஸ் டப்பா அடியில், சிப்ஸ் பொட்டலம் உச்சியில். மாற்றி அடுக்கினால் லாரியின் முதல் திருப்பத்திலேயே எல்லாம் சப்பையாகிவிடும். ஏப்ரல் மாத டிராஃப்டில் கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசையாக நின்று ஏழு சுற்றில் எடுத்துக்கொள்ளும். போன வருடம் கடைசியில் வந்த அணிக்கு முதல் சான்ஸ். எட்டு வருடமாகக் கிளாஸ்மென் அந்த வரிசையின் முன்னால்தான் நின்றது, எட்டு வருடமும் சிப்ஸ் பொட்டலத்தைத்தான் எடுத்தது. பாய்ந்து ஓடுகிறவன், பந்து எறிகிற அழகன், இப்படி. அழகனுக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுக்க ஒரு தடியனும் இல்லாததால், அக்டோபர் பிறந்தால் அழகன் கையில் கட்டோடு திரிவான்.

"கேளுய்யா பட்ச்," என்று ஆரம்பிப்பான் எர்னி. பட்ச் என்பவன் வானொலிக்காரன், ஊரையே சீண்டிச் சம்பளம் வாங்குகிறவன். "மொதல் சான்ஸ வித்துரு. எவனாவது அலையறவன் அதுக்குப் பதிலா ரெண்டு குடுப்பான், வாங்கிக்கோ. அந்த ரெண்டுலயும் முந்நூறு பவுண்டு தடியன். அப்புறம்? அப்புறமும் தடியன். எறியறவன் மூணாவது வருஷம் வரட்டும். அஸ்திவாரம் தோண்டாம கூரைக்கு ஓடு வாங்காதே."

"அதெல்லாம் சரி எர்னி, கிக்கர் ஒருத்தன எடுக்கலாமா?"

போன பிப்ரவரியில் பட்ச் கேட்ட கேள்வி இது. வேண்டுமென்றே கேட்டது.

"கிக்கரா? பந்த உதைக்க ஒரு ஆளா? ரோட்ல போறவனக் கூப்ட்டா வந்து உதைப்பான்யா! டிராஃப்டுல ஒரு சான்ஸக் கொண்டுபோய்க் கிக்கர் மேல கொட்டினாங்கன்னா, அன்னிக்கே ஸ்டேடியத்துல இருக்கற என் ரெண்டு சீட்டையும் விட்டுர்றேன். சத்தியம்!"

நுணலும் தன் வாயால் கெடும். அந்த இரண்டு சீட்டும் இவனுடையவையே அல்ல. அரங்கம் திறந்த வருடம் அவன் மனைவி ஜெரியின் அப்பா வாங்கியவை. அவர் போன பிறகு ஜெரியின் பேரில் இருக்கின்றன. தோற்கிற அணிதான் என்றாலும் அந்தச் சீட்டுக்குப் பதினொரு வருடக் காத்திருப்போர் பட்டியல் உண்டு, எங்கள் ஊர் லட்சணம் அப்படி. முப்பது வருடமாகப் புருஷனும் பெண்டாட்டியும் அதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மழையிலும் பனியிலும் தோல்வி பார்த்திருக்கிறார்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தான் எர்னி.

அடுப்படியில் மிளகாய்த்தூள் போட்ட கோழிக்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த ஜெரி அதை வானொலியில்தான் கேட்டாள். கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள்.

"எங்கப்பா சீட்ட வெச்சு சத்தியம் பண்ண நீ யாரு?"

"எவன் போயி கிக்கர எடுக்கப் போறான்? பைத்தியமா அவங்களுக்கு?"

"எட்டு வருஷமா நீதான சொல்ற, பைத்தியம்னு."

அத்தோடு பேச்சு முடிந்தது.

மார்ச்சில் அணியிலிருந்து கடிதம் வந்தது. டிராஃப்டின் மூன்றாம் நாளில், கடைசிச் சுற்றுகளின் பெயர்களை ஊர்க்காரர்களை விட்டு வாசிக்கச் சொல்வது வழக்கம். இந்தத் தடவை ஆறாவது சுற்றை, இருபத்திரண்டு வருட விசுவாசத்துக்காக, திரு. எர்னஸ்ட் சபாடோஸ் வாசிக்க வேண்டும். எர்னி கடிதத்தை நாலு தடவை படித்தான். பிறகு கடைக்குப் போய் ஒரு டை வாங்கினான்.

வியாழக்கிழமை டிராஃப்ட் தொடங்கியது. கிளாஸ்மென்னின் புது மேலாளர் முதல் சான்ஸை விற்று இரண்டு வாங்கினார். எர்னி சோபாவிலிருந்து எழுந்து நின்றான். முதல் சான்ஸில் ஒரு தடியன். இரண்டாவதில் இன்னொரு தடியன். வெள்ளிக்கிழமை இரண்டு பேர், இருவரும் கதவை அடைத்து நிற்கிற உருவம். ஜெரியின் தம்பி லென்னி போன் செய்தான். எறிகிற அழகன்தான் முதலில் வேண்டும் என்று முப்பது வருடமாகச் சாதிக்கிற ஜென்மம் அது.

"உன் பேச்சக் கேட்டு டீமே குட்டிச்சுவராப் போகுது!"

"வயித்தெரிச்சல்டா உனக்கு. மோர் குடி."

சனிக்கிழமை மதியம் அரங்கத்தின் புல்தரையில் மேடை போட்டிருந்தார்கள். மூவாயிரம் பேர். ஐந்தாவது சுற்றிலும் ஒரு தடியன் வந்ததும் முன்பின் தெரியாதவர்கள் வந்து எர்னியின் முதுகில் தட்டினார்கள். "யோவ், நீ சொன்னதத்தான்யா செய்யறாங்க!" என்றான் ஒருவன். அவன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. கல்யாணத்தன்று கூட ஷூ கடித்தது.

மேடைக்குப் பின்னால், காதில் கருவி மாட்டிய ஒரு பெண் அவன் கையில் அட்டையைக் கொடுத்தாள். டாரின் ஹால்வர்சன், கிக்கர் என்று எழுதியிருந்தது. எர்னி அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் காலி.

"ஏம்மா, இது வேற டீம் அட்டை இல்லையே?"

"நம்மளதுதான் சார். போங்க, எல்லாரும் காத்திருக்காங்க."

பெயர் ஏற்கெனவே லீக் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாசிப்பது வெறும் சடங்கு. எர்னி மைக்கின் முன் நின்று, கெட்ட செய்தி சொல்லும் டாக்டர் மாதிரி வாசித்தான். பிறகு பின்வரிசையில் ஒருவன் "சீட்டு!" என்று கத்தினான். சிரிப்பு கிளம்பியது, கூட்டம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த ஜெரி மட்டும் சிரிக்கவில்லை.

இறங்கியதும் பட்ச் ஒலிவாங்கியோடு நின்றான். "என்ன எர்னி, இப்ப என்ன சொல்ற?"

"சொன்னா சொன்னதுதான்."

காரில், பாலம் தாண்டியதும் ஜெரி சொன்னாள்: "சீட்டு என் பேர்ல இருக்கு. நான் விடமாட்டேன். நான் போவேன்."

"போ. நான் உக்கார மாட்டேன். ஊரறியச் சொன்ன வார்த்தை."

"அப்ப லென்னியக் கூட்டிட்டுப் போறேன்."

குத்துவதற்குத்தான் சொன்னாள். குத்தவும் செய்தது. "சரி," என்றான் எர்னி. வீம்பு பிடித்தவனுக்கு அந்த ஒரு சொல் போதும்.

செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. சத்தியம் சீட்டுக்குத்தானே, வண்டி நிறுத்துமிடத்துக்கு இல்லையே! ஞாயிறுதோறும் எர்னியே இருவரையும் கூட்டிவந்தான். அரங்கத்துக்கு வெளியே அடுப்பை மூட்டி சாசேஜ் சுட்டுக் கொடுத்தான். அவர்கள் உள்ளே போனதும் மடக்கு நாற்காலியில் வானொலியோடு உட்கார்ந்தான். சுவரைத் தாண்டி ஆரவாரம் முதலில் வரும்; என்ன நடந்தது என்று வானொலி ஏழு வினாடி கழித்துத்தான் சொல்லும். நாளாவட்டத்தில் சத்தத்தை வைத்தே அவனுக்கு விஷயம் பிடிபட்டது.

தடியன்கள் நின்றார்கள். நவம்பர் வந்தும் பந்து எறிகிறவன் சட்டையில் மண் ஒட்டவில்லை. எல்லாம் எர்னி சொன்னபடியே. ஆனால் வானொலி பந்தின் பின்னால்தான் ஓடும். முன்வரிசையில் ஒருவன் காலை ஊன்றி இன்னொருவனைப் பின்னுக்குத் தள்ளுவதை அது சொல்வதே இல்லை. முப்பது வருடம் அவன் பார்க்கக் காத்திருந்தது அந்தத் தள்ளலைத்தான். அது சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது.

"அந்த இடது கோடித் தடியன் எப்படி நின்னான்?" என்று கேட்பான், அவர்கள் வெளியே வந்ததும்.

"நான் என்னத்தக் கண்டேன்," என்பாள் ஜெரி.

லென்னி தோளைக் குலுக்குவான். அவன் எறிகிறவனை மட்டும்தான் பார்ப்பான்.

டிசம்பரில், அந்தச் சீசனில் ஊரில் நடக்கும் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பதினான்கு வருடத்துக்குப் பிறகு அடுத்த கட்டம். ஏரிப் பக்கமிருந்து பனி சாய்வாக அடித்தது. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள், ஒரு நிமிடம் கூட மீதியில்லை, பந்து எதிராளி பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. எர்னி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அப்போது வாசல் பக்கமிருந்து, இருக்கை மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒருத்தி காற்றுக்கு எதிராகத் தலையைக் குனிந்து நடந்துவந்தாள்.

"ஜெரி? என்னாச்சு? உடம்பு முடியலையா?"

"குளிருது."

"இங்க மட்டும் வெயிலா கொளுத்துது? ஓடு, உள்ள ஓடு! இன்னும் நாப்பது செகண்டு இருக்கு!"

"வெளிய வந்தா மறுபடி விடமாட்டான்." ஐஸ் பெட்டி மேல் மெத்தையைப் போட்டு உட்கார்ந்தாள்.

எர்னிக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "பதினாலு வருஷம்! எவனாவது எந்திரிச்சு வருவானா இப்ப? அறிவிருக்கா உனக்கு?"

"கத்தாதே. நாலு மாசமா லென்னி பக்கத்துல உக்காந்திருக்கேன். கையக் கட்டிக்கிட்டு உம்முன்னு இருக்கான். நீ இருந்தா எவன் எங்க நிக்கறான், எவன் ஏமாத்தறான்னு காதுல கத்திக்கிட்டே கெடப்ப. அது இல்லாம எனக்கு ஒண்ணும் புரியல. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கத்தறாங்க, நான் யாரப் பாக்கறதுன்னு தெரியாம நிக்கறேன். அசிங்கமா இருக்கு, எர்னி."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சுவருக்கு மேலே ஆரவாரம் எழுந்தது. தரை அதிர்ந்தது. ஜெரி அவன் கையைப் பிடித்தாள். வானொலியில் ஆள் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஹால்வர்சன் பந்தை நோக்கி நடக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அதுவும் வெடித்தது. நாற்பத்தேழு கெஜம். இரண்டு கம்பத்துக்கும் நட்டநடுவில். மூன்று புள்ளி, ஜெயித்தாயிற்று.

"நீ பாத்திருக்கலாம்," என்றான் எர்னி, மூக்கைத் துடைத்தபடி.

"ஆமா. பாத்திருக்கலாம்."

அடுப்பில் சாசேஜ் கரிந்து கிடந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போன் மணி அடித்ததும் பட்ச் துள்ளினான். "வாய்யா வா! கிக்கர் விஷயத்துல நீ சொன்னது தப்புன்னு ஒத்துக்கறியா?"

"ஒத்துக்க மாட்டேன். ஆறாவது ரவுண்டுல கிக்கர எடுத்தது தப்புதான். நாளைக்கும் தப்புதான்."

"பின்ன எதுக்குய்யா போன் பண்ண?"

"சத்தியத்த வாபஸ் வாங்கறேன். அந்தச் சீட்டு என்னோடது இல்ல. ஜெரியோடது. எனக்குச் சொந்தமில்லாதத வெச்சு வாய்விட்டேன்."

"வாக்கு மாறப் போறியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

சிரித்தது. மறுநாள் கிடங்கில் அவன் ஃபோர்க்லிஃப்டின் முதுகில் ஒரு மடக்கு நாற்காலியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஜனவரியில், அதே அரங்கத்தில் நடந்த அடுத்த கட்ட ஆட்டத்தன்று, எர்னி படியேறி வந்தபோது அந்தப் பகுதி மொத்தமும் எழுந்து நின்று அவனைப் பார்த்து ஊளையிட்டது. இருபத்திரண்டு வருடம் அவன் சொல்லைக் கேட்டவர்கள் அவர்கள். காதுமடல் வரை சிவந்துபோய், யார் முகத்தையும் பார்க்காமல், வரிசைக்குள் நுழைந்து உட்கார்ந்தான். அவமானமாகத்தான் இருந்தது. ஊளை அடங்க வெகு நேரமாயிற்று.

கீழே இரண்டு அணியும் ஆட்டத்தைத் தொடங்க வரிசை கட்டின. ஜெரி மெத்தையை அவன் பக்கம் நகர்த்திப் போட்டு, அவனுடைய நல்ல காதுப் பக்கம் குனிந்தாள்.

"ம், சொல்லு. நான் யாரப் பாக்கணும்?"