நீராகாரமும் தண்ணீர்தான்

என் வீட்டுக்காரருக்கு இதயம் பலவீனமாகி இரண்டாம் முறை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, துபாயிலிருந்து மகன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "இன்னொரு தடவை அட்மிட் ஆனா அப்பா சென்னை ஃபிளாட்டுக்கு வந்துடணும்மா. வயலக் குத்தகைக்கு விட்டுடலாம்."

வயல் குடவாசல் பக்கம் இருக்கிறது. என் மாமனார் ஆயுசு முழுக்க அதில் கூலிக்கு உழுதவர். மகன் துபாய் போய் அனுப்பிய காசில் அதை வாங்கி, பட்டாவை இவர் பெயரில் மாற்றினோம். அப்பா கூலிக்கு உழுத மண்ணில் சொந்தமாக நடவு போடுகிற மனுஷனைக் கொண்டுபோய் நாலு சுவருக்குள் உட்கார வைப்பதாவது? எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் மாதாமாதம் வரச் சொன்னார்கள். அங்கே டாக்டர் மட்டும் பார்த்து அனுப்புவதில்லை. நர்ஸ், உணவு ஆலோசகர், நடைப்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் என்று எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுவார்கள். "பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல உக்காந்திருக்காங்க" என்று இவர் என் காதில் முணுமுணுத்தார். உப்பைக் குறைக்கணும், தண்ணீரை அளந்து குடிக்கணும், தினமும் காலையில் எடை பார்க்கணும், சட்டென்று ஏறினால் நர்ஸுக்குப் போன் பண்ணணும் என்றார்கள்.

சொன்னபடி எல்லாம் செய்தோம். அப்படியும் எடை ஏறியது, கால் வீங்கியது. நான் போன் பண்ணியதும் நர்ஸ் உடனே வரச் சொன்னார். டாக்டர் மாத்திரையைக் கூட்டலாமா என்று மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, உணவு ஆலோசகர் இவரிடம் காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்.

"பழைய சோறுதாம்மா. அப்புறம் ஒரு சொம்பு நீராகாரம், உப்புப் போட்டு."

"அதைத் தண்ணிக் கணக்குல சேத்தீங்களாய்யா?"

"அது எப்படிம்மா தண்ணி? அது சாப்பாடுல்ல?"

அறையே சிரித்தது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் நீராகாரத்தைத் தண்ணீர் என்பார்கள்? நானும் அப்படி நினைத்தவள்தான். அன்று மாத்திரை கொஞ்ச நாளைக்குக் கூடியது, நீராகாரம் அடியோடு நின்றது. அறுபது வருஷப் பழக்கம் அது. ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் ஒரு வாய் கேட்கவுமில்லை. வீம்பு பிடித்த மனுஷன், அந்த வீம்பை இதில் காட்டினார். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி முதலில் வாசலில் நடந்தார், பிறகு தெருக்கோடி வரை, பிறகு வரப்பில்.

மகன் லீவில் வந்தபோது அவனையும் அந்த அறைக்கு அழைத்துப்போனோம். தாழ்வாரத்தில் இவரை நடக்கவிட்டார்கள். கடைசிவரை போய், எங்கும் நிற்காமல் திரும்பி வந்தார். பார்த்துக்கொண்டிருந்த மகன், "நானும் ஊர்ல இல்ல. அப்பாவை யார் சார் பாத்துப்பாங்க?" என்று டாக்டரிடம் கேட்டான்.

"நாங்க நாலு பேரு இருக்கோம். அஞ்சாவது ஆளு உங்கம்மா. அவங்க போன் பண்ணலேன்னா அன்னிக்கு அட்மிட்தான் ஆகியிருப்பாரு."

பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை அப்படி எழுப்பி நிறுத்திப் பாராட்டியதில்லை. பெருமை தாங்கவில்லை எனக்கு.

பஸ்ஸில் மகன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மாப்பேட்டை தாண்டியதும் கேட்டான்:

"இந்த வருஷம் சம்பாவுக்கு என்ன நெல்லுப்பா விடப் போறீங்க?"