கையெழுத்துக்கு மேலே காலி இடம்

தெருவுக்குத் தெரு தண்ணீர்க் குழு அமைப்பவனைத் தண்ணீர் வராத வீட்டுக்காரரும் நம்புவதில்லை, வருகிற வீட்டுக்காரரும் நம்புவதில்லை. படிவத்தோடு அழைப்புமணியை அழுத்தி, கதவு இடுக்கு வழியாகப் பேசியவர்களுக்கு இது புரியும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு மாத ஒப்பந்தம். மயிலாப்பூரில் எனக்குக் கொடுத்த தெருவில் குழு அமைந்தால்தான் வேலை நீடிக்கும்.

யாருடைய ஆள்?

தெருவின் முன்பாதி முழுக்க அடுக்ககங்கள். அவற்றின் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, என் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். குழு மக்களுடையது, அரசியல் இல்லை என்றேன். அவர் சொன்னார்: "இப்போ குழுன்னு ஆரம்பிப்பேள், அப்புறம் தண்ணிக்கு மீட்டர் வைக்கறதுல கொண்டுபோய் முடிப்பேள்."

சாவி

பின்பாதியில் ஒண்டுக்குடித்தனங்கள். தெருவுக்கு இரண்டு வால்வு. முன்பக்க வால்வுதான் எப்போதும் முதலில் திறக்கும். பின்பக்கம் திறக்கும்போது குழாயில் காற்றுதான் அதிகம். இனி வரிசையைக் குழு முடிவு செய்யும் என்று இட்லிக் கடை கஸ்தூரி அக்காவிடம் விளக்கி, உறுப்பினராகச் சேரச் சொன்னேன். மாவுக் கரண்டியை நிறுத்தாமலே கேட்டார்: "பொம்பள பேரு ஒண்ணு வோணும்னு என் பேர எய்திக்குவ. வால்வு சாவி யாரு கைல கீது, அத்த சொல்லு நைனா."

காலி இடம்

மாநகராட்சிப் பள்ளி வகுப்பறையில் கூட்டம். வருகைத் தாளில் மேல்பாதியைக் காலியாக விடும்படி எங்கள் ஒருங்கிணைப்பாளர் சொல்லியிருந்தார். அலுவலக வழக்கம் போலிருக்கிறது என்று நானும் கேள்வி கேட்கவில்லை. ஏழெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கஸ்தூரி அக்கா பேனாவை வாங்கியவர், போடவில்லை.

"மேல இன்னாத்துக்கு இம்மாம் எடம் வுட்டுக்கினு கீற?"

அலுவலகத்தில் விடச் சொன்னார்கள் என்றேன். போட்டவர்கள் எல்லாம் எழுந்து வந்து தாளைப் பார்த்தார்கள். அதுவரை அக்காவின் பக்கம் திரும்பாத செயலாளர் சொன்னார்: "அவா கேக்கறது சரி. அந்த எடத்துல மீட்டர்னு எழுதிண்டா யார் என்ன பண்றது?"

கோடு

அங்கேயே, எல்லோரும் பார்க்க, தீர்மானத்தை அந்த இடத்தில் கையால் எழுதினேன். ஒரு மணிநேரச் சண்டையில் தேறியது இவ்வளவுதான்: ஒருநாள் முன்பக்கம் முதலில், மறுநாள் பின்பக்கம், சாவி ஒரு வாரம் செயலாளரிடம், ஒரு வாரம் அக்காவிடம். மிச்ச இடத்தில் குறுக்கே கோடு போட்ட பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டார்.

அலுவலகத்தில் அந்தக் காலி இடத்தில் அச்சடிக்க வேறொரு தீர்மானம் தயாராக இருந்தது. அதன்படி, வார்டில் கட்சிச் செல்வாக்குள்ள ஒருவர் தலைவர், சாவியும் அவரிடம். கூட்டத்துக்கே அவர் வரவில்லை. ஒருங்கிணைப்பாளர் என் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கோட்டை யாருப்பா போடச் சொன்னா? ஒயிட்னர் போட்டா போயிடுமா?"

போகவில்லை, எழுதியபடியே குழு அமைந்தது; அடுத்த மாதம் என் ஒப்பந்த நீட்டிப்புத் தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், மேல்பாதி காலியாக இருந்ததால் முதலில் ஒரு கோடு போட்டேன்.