சாவிக்கொத்துக்குத் திரும்பாத மத்தாப்பு

குட்டிகள் ஐந்தும் தட்டில் தலையைக் கவிழ்த்துப் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது, முருகேஸ்வரி அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்பக்கமாக ஓசையில்லாமல் வருவார். இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை எடுத்து, ஒவ்வொரு குட்டியின் தலைக்குப் பின்னாலும் ஒரு குலுக்கு. எந்தக் காது திரும்புகிறது, எது திரும்பவில்லை என்று பார்ப்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் அசையக்கூடாது. ஒருநாள் தெரியாத்தனமாகக் காலை மாற்றி வைத்துவிட்டேன். "தரை அதிரக்கூடாதுன்னு எத்தன தடவ சார் சொல்றது? காது கேக்காத குட்டி காலாலயே கண்டுபிடிச்சிரும்" என்று ஒரு பிடி பிடித்தார். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவன் நான்.

அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. பகலில் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார். பசை காய்ந்து காய்ந்து விரல்நுனி எப்போதும் உரிந்தே இருக்கும். சாயங்காலம் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கினால், காபி கூடக் குடிக்காமல் நேரே வீட்டுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகைக்குத்தான். அங்கே ராஜபாளையம் நாய்கள். குட்டிகளுக்குப் பேரெல்லாம் அன்றைக்கு ஒட்டிய லேபிளிலிருந்து வரும். இந்த ஈற்றில் சரம், சாட்டை, பென்சில், சங்குசக்கரம், மத்தாப்பு. "ஏலே சாட்டை, தட்டுக்குள்ள ஏறாதலே!" என்று அவர் சத்தம் போடுவதைத் தெருவில் போகிறவர்கள் கேட்டால் பட்டாசுக் கடை என்றுதான் நினைப்பார்கள்.

குட்டியைத் தூக்கி மடியில் போட்டால் ஒன்றையும் விடமாட்டார். காலை நீட்டிப் பார்ப்பார், வயிற்றைத் தடவுவார், பாதத்தை அமுக்குவார். "காலு நீளம், வயிறு ஒட்டிக் கெடக்கு. இந்த வெயில்ல கரிசக்காட்டுல ஓடுனாலும் எளைக்காது." வாங்க வருகிறவர்களுக்கோ இதெல்லாம் வேண்டாம். ஒரு பொட்டுகூட இல்லாத வெள்ளையும், ரோஸ் நிற மூக்கும் இருந்தால் போதும்.

அந்த வெள்ளையில்தான் வினை. உடம்புக்கு நிறம் கொடுக்கிற உயிரணுக்கள் உட்காதுக்கும் வேண்டும். அவை போய்ச் சேராத இடத்தில் ரோமம் வெளுக்கும். உட்காதுக்கும் போய்ச் சேரவில்லை என்றால் குட்டிக்குக் காது கேட்காது. இதை ஒருநாள் படம் வரைந்து மூச்சுமுட்ட விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதத்தான சார் அஞ்சு வருசமா ஊருக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார்.

ஐந்து வருஷக் கணக்குக்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் குட்டி பார்க்க வருகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு வெடியோடு வருவார்கள். தள்ளி வைத்துப் பற்றவைப்பார்கள். எந்தக் குட்டி அசையாமல் நிற்கிறதோ அதுதான் வீரன். அக்காவும் அப்போது அப்படித்தான் நம்பினார். "இடியே விழுந்தாலும் அசையாது" என்று பெருமையாகச் சொல்லி ஒரு வெள்ளைக் குட்டியை ஒரு கம்பெனிக் காவலுக்குக் கொடுத்தார். அது வளர்ந்து, ஒருநாள் மத்தியானம் லோடு வண்டியின் நிழலில் படுத்துத் தூங்கியது. வண்டி பின்னோக்கி வந்து அதன்மேல் ஏறிவிட்டது. ஓட்டியவர் அக்காவின் வீட்டுக்காரர் சோலைச்சாமி. "ஹாரன் அடிச்சுக்கிட்டேதான் வந்தேன், எந்திரிக்கவே இல்ல" என்று வீட்டுக்கு வந்து அழுதாராம். இன்றைக்கும் அவர் வண்டியை எடுக்குமுன் இறங்கிப்போய், குனிந்து, நான்கு சக்கரத்தையும் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

"அவரு மேல என்ன தப்பு? வீரமுன்னு சொல்லிக் குடுத்தவ நாந்தான சார்" என்றார் அக்கா. சாவிக்கொத்து அதற்கப்புறம்தான் இடுப்புக்கு வந்தது. தன் வெள்ளை நாயைக் கரும்பொட்டு விழுந்த ஆண் நாயோடு சேர்த்ததும் அதற்கப்புறம்தான். பொட்டுக் குட்டிகள் பிறந்தன. "முருகேஸ்வரி இனத்தையே கெடுத்துட்டா" என்று மற்ற நாய்க்காரர்கள் தூற்றினார்கள். அப்படியும் இந்த ஈற்றில் ஒன்று பால்வெள்ளையாக வந்து விழுந்தது. அதுதான் மத்தாப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை மணிகண்டராஜ் அண்ணாச்சி வந்தார். பட்டாசுக் குடோன் வைத்திருப்பவர்; காவலுக்கு நாய் வேண்டும். அக்கா வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் வெடியைப் பற்றவைத்துவிட்டார். நான்கு குட்டிகள் தெறித்து ஓடின. சாட்டை சாக்குக்குள் புகுந்துகொண்டது. மத்தாப்பு மட்டும் தட்டை நக்கிக்கொண்டே நின்றது.

"அடேயப்பா! இதுதாம்மா எனக்கு வேணும்."

"அதுக்குக் காது கேக்காது அண்ணாச்சி" என்று சொல்லி, அக்கா அதன் தலைக்குப் பின்னால் சாவியைக் குலுக்கிக் காட்டினார். மத்தாப்பு திரும்பவில்லை.

அண்ணாச்சி அசரவில்லை. "கேக்காட்டி நல்லதுதானம்மா! எங்க பக்கம் நாளெல்லாம் வெடிச் சத்தம். பயப்படாத நாய்தான் வேணும்."

"வெடிக்குப் பயப்படாது அண்ணாச்சி. வண்டிக்கும் பயப்படாதுல்ல."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுறோம்."

"அன்னைக்கும் அப்படித்தான் சொன்னாக." அக்கா சாக்குக்குள் கையை விட்டு, நடுங்கிக்கொண்டிருந்த சாட்டையை இழுத்து எடுத்தார். "இதக் கொண்டு போங்க. பயந்தா என்ன, காது ரெண்டும் நல்லா இருக்கு. ராத்திரி எலி ஓடுனாக்கூடக் கொலைக்கும்."

சாட்டையின் முதுகில் கிடந்த கரும்பொட்டுகளைப் பார்த்து அண்ணாச்சி சிரித்தார். "ஒங்க வீட்டு நாய் செவிடுன்னு நீங்களே சொல்றீகளே, நாளைக்கு இங்கன யாரு வந்து வாங்குவா?"

"வாங்காட்டிப் போறாக. மத்தாப்ப மட்டும் தரமாட்டேன்."

அவர் கிளம்பினார். காரில் ஏறும்போது, தெருவே கேட்கும்படி, "செவிட்டு நாய் வளக்குற வீட்டுக்கு என்னையக் கூட்டிட்டு வந்திருக்க" என்று டிரைவரிடம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தெருவில் குட்டி வாங்க நினைத்த நாலு பேராவது இனி வரமாட்டார்கள். எதற்கெடுத்தாலும் அக்காவைக் கேலி செய்கிற சோலைச்சாமி, சிதறிக் கிடந்த வெடிக் காகிதங்களைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான்கு குட்டிகளும் வேலியோரம் நின்று, போகிற காரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தன. மத்தாப்பு வயிறு நிறைந்து சுவரோரம் சுருண்டு தூங்கிவிட்டது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு அதன் பக்கம் போனார். சாவிக்கொத்தை எடுக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. இரண்டடி தள்ளி நின்று, குதிகாலால் தரையை இரண்டு தரம் தட்டினார். மத்தாப்பு தலையைத் தூக்கிப் பார்த்து, வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தது.