கருப்பண்ணன் அறுத்த தோல்வால்

சங்ககிரிக்குத் தெற்கே ஏழெட்டுத் தோட்டங்களில் கருப்பண்ணனுக்கு உரிமை இருந்தது. நிலத்தில் அல்ல, தைப்பதில். மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கும் கிணறுகளில், இரும்புச் சாலின் அடியில் தொங்கி, மொண்ட தண்ணீரைத் தொட்டியில் கொட்டும் தோல்வால் கிழிந்தால் அவர்தான் தைக்க வேண்டும். தோல் தைப்பவர்கள் ஒதுங்கி வாழும் வளவுகளிலிருந்து வேறு எவனும் வந்து ஊசி வைக்கமாட்டான். அவர் தைத்த தோல் தினமும் கிணற்றுக்குள் முங்கி எழலாம். அவர் வீட்டுக் குடம் இறங்கினால் மட்டும் தீட்டு.

ஆனால் கவலை ஓடும்போது வாய்க்காலில் வரும் தண்ணீரை யாரும் மொண்டுகொள்ளலாம். அதைத் தடுக்கும் வழக்கம் எந்தத் தோட்டத்திலும் இல்லை. வளவே அதைக் குடித்துத்தான் பிழைத்தது.

1930களில் மழை பொய்த்த ஒரு கோடையில், ஜில்லா போர்டார் வெட்டிய பொதுக்கிணறு வறண்டது. வளவுக்காரர்களை அதனருகே என்றைக்கும் அண்டவிட்டதில்லை என்பது வேறு விஷயம். தோட்டக்காரர் மயில்சாமிக் கவுண்டர் கிணற்றில் மட்டும் தண்ணீர் நின்றது. அவர் வாய்க்காலை மண் போட்டு அடைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரைப் பீப்பாய் வண்டிகளில் ஏற்றிப் பஞ்சு மில்லுக்கு விற்க ஆரம்பித்தார். வளவுப் பெண்கள் வெறுங்குடத்தோடு வரப்பில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். கருப்பண்ணன் மனைவி ஆராயி பிள்ளை பெற்று அதிக நாளாகவில்லை. குடிக்கத் தண்ணீரில்லாமல் அவளுக்குப் பால் வற்றிப்போனது.

அந்த நேரம் பார்த்துக் கவுண்டர் கிணற்றில் வால் கிழிந்தது. தோட்டத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் ஆராயி சொன்னாள்: "தெச்சுக் குடுத்துப்போட்டு ஒரு கொடம் வாங்கிட்டு வா. வேற ஒண்ணும் பேசாத."

அவர் பேசினார்.

"வாய்க்காலத் தொறந்து உடறீங்களா சாமி?"

"மொதல்ல தெய்யி. தொறந்து உடறேன்," என்றார் கவுண்டர்.

தைத்து முடித்தார். மாடுகள் பின்னேறின, சால் முங்கி நிறைந்து மேலே வந்தது. தண்ணீர் தொட்டியில் விழுந்தது. வண்டிக்காரர்கள் பீப்பாய்களை நெருக்கி நிறுத்தினார்கள். வாய்க்கால் திறக்கவில்லை. கவலை ஓட்டியவன் ஒரு குடத்தை நிரப்பி வரப்பில் வைத்தான்.

"உம் பொண்டாட்டிக்குக் கொண்டு போடா," என்றார் கவுண்டர். "ஊருக்கெல்லாம் ஊத்த இது என்ன சத்திரமா? எங்கெணறு."

கருப்பண்ணன் குடத்தைப் பார்த்தார். அதற்கு அப்பால் நின்ற பெண்களைப் பார்த்தார். பிள்ளையை நினைத்தார்; குடத்தைத் தொடவில்லை.

"கெணறு உங்களுதுதானுங்க. தெயலு என்னுதுங்க."

தொட்டி மேட்டில் அவர் அதுவரை கால் வைத்ததே இல்லை. ஏறினார். அடுத்த சால் மேலே வந்ததும், தான் தைத்த தோலைக் கத்தியால் நீளக் கிழித்தார். தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே திரும்பியது.

சாட்டைக் கம்பு முறியும்வரை அவரை அடித்தார்கள். அவர் வெறுங்கையோடு வீடு வந்தார். பக்கத்து வீட்டுப் பெருமாயி ஆட்டுப்பாலில் துணியை நனைத்துப் பிள்ளையின் உதட்டில் வைத்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். கவுண்டர் வேறு தைப்பவரைத் தேடிச் சுற்றுப்பட்ட வளவுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பினார். கருப்பண்ணனுக்கு உரிமையான தோட்டத்தில் ஊசி வைக்க ஒருவரும் வரவில்லை. மறுநாள் உச்சிப் பொழுதில், வண்டிகள் காத்துக் கிடக்க, கவுண்டரே மண்வெட்டி எடுத்து வாய்க்காலைத் திறந்தார். அதன் பிறகுதான் கருப்பண்ணன் தைத்தார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. வளவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தவர் என்று கருப்பண்ணனை எல்லாரும் கொண்டாடினார்கள். அந்தப் பேச்சு வந்தாலே ஆராயி எழுந்து போய்விடுவாள். ஒரே ஒரு தடவை மட்டும் நின்று கருப்பண்ணனிடம் கேட்டாள்.

"அன்னைக்கு எம்புள்ள செத்திருந்தா, இவுங்கள்ல ஆரு பெத்துக் குடுத்திருப்பாங்க?"