ஜெசிதா மிஸ்ஸி சொல்லாத பெயர்

ஜெசிதாவுக்கு மெதுவாகக் கதைக்க வராது. குருநகரில், படகு எஞ்சின் சத்தத்துக்கு மேலால் ஆளையாள் கூப்பிட்டுப் பழகிய வீட்டில் பிறந்தவள். கத்தோலிக்கக் குடும்பம்; தகப்பன் செபமாலை கடற்றொழிலாளி. நான்கு பெண்பிள்ளைகளில் இவள் மூன்றாவது. தாய்சேய் நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராகப் பயிற்சி முடித்து, பண்டத்தரிப்பு தாண்டிக் கடலோரமாகக் கிடக்கும் ஒரு ஊருக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. வெள்ளைச் சீருடையோடு ஸ்கூட்டியில் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே குரல் முன்னால் போய்விடும். “அக்கா, பிள்ளைக்கு ஊசி போடுற நாள்! மறந்துபோனியளோ?” ஊர்ச்சனம் முதலில் முகம் சுளித்தது. பிறகு பழகிக்கொண்டது. தாய்மார் அவளை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிட்டார்கள்.

புதன்கிழமைகளில் அவளுடைய கிளினிக் சனசமூக நிலையத்தின் பின்னறையில் நடக்கும். முன்பக்கம் வாசிகசாலை. அங்கே காலையிலிருந்தே ஆண்கள் பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பார்கள். பின்னறைக்குப் போகிற எவரும் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. கலியாணமாகாத ஒருத்தி அந்தப் படியில் கால் வைத்தால் மட்டும் பேப்பர்கள் ஒரு சாண் கீழே இறங்கும். மூன்று வருடமாக ஜெசிதா இதைக் கவனிக்கவேயில்லை. அதற்காக அவள் பிறகு தன்னைத் தானே எத்தனையோ தரம் திட்டிக்கொண்டாள்.

கவனிக்க வைத்தவள் அதே ஊர்க் கீர்த்திகா. இருபது வயது. யாழ்ப்பாண நகரில் ஒரு புடைவைக்கடையில் வேலை. ஒருநாள் மத்தியானம் கடையிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கருப்பைக் குழாய்வரை ஏறிவிட்ட தொற்று. தாய்க்கு ‘அப்பெண்டிக்ஸ்’ என்று சொல்லிவிட்டு, ஜெசிதாவுக்கு மட்டும் போன் எடுத்தாள்.

ஜெசிதா போனபோது கீர்த்திகா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

“எவ்வளவு நாளா இருந்தது?”

“ஏழு மாசம், மிஸ்ஸி.”

“ஏழு மாசமும் என்ன செய்தனீ?”

“பாமசியிலை மாமிக்கெண்டு பொய் சொல்லிக் குளிசை வாங்கிப் போட்டனான்.”

“ஏனடி என்னட்டை வரேல்லை? உங்கடை வீட்டிலையிருந்து கூப்பிட்டால் கிளினிக்குக்குக் கேக்குமே.”

கீர்த்திகா இப்போதுதான் திரும்பினாள். “வந்தனான். ரெண்டுதரம் வந்தனான். வாசிகசாலையிலை தலைவர் மார்க்கண்டர் நிமிர்ந்து பாத்தார். பேப்பர் பாக்க வந்தமாதிரி கொஞ்சநேரம் நிண்டிட்டுப் போட்டன்.”

காதலித்தவன் கனடாவுக்குப் போய், போன கையோடு தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஒரு கிழமை மருந்தோடு முடிந்திருக்கும் என்று ஜெசிதாவுக்குத் தெரியும். இனிப் பிள்ளை தங்குவதில் சிக்கல் வரலாம், வராமலும் விடலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஜெசிதா ஸ்கூட்டியை நிறுத்திய இடத்துக்கு வந்து, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முதலில் மார்க்கண்டர் மேல், பிறகு அந்தப் பெடியன் மேல், கடைசியில் தன் மேல்.

அடுத்த திங்களே சுகாதார வைத்திய அதிகாரி பிரகலாதனிடம் போனாள். அவர் நல்ல மனிதர். ஆனால் பிரச்சினை என்றால் இரண்டு ஒழுங்கை சுற்றிப் போகிறவர். சனிக்கிழமை பின்னேரங்களில், வாசிகசாலை பூட்டியிருக்கும் நேரம், இளம் ஆட்களுக்கென்று தனியாகக் கிளினிக் வைக்கப்போவதாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். சுற்றறிக்கையே அதற்கு இடம் கொடுத்திருந்தது. ஒருவரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

நிலையத்தின் பின்மதிலில் இருந்த சின்னக் கதவைத் திறந்துவிட்டாள். பெயர் கூப்பிடுவதில்லை, இலக்கம் மட்டும். கேள்வியைக் கடதாசியில் எழுதிப் போட ஒரு பிஸ்கட் ரின் வைத்தாள். பக்கத்துப் பள்ளிக்கூட அதிபரிடம் போய் உயர்தர வகுப்புக்கு இரண்டு பாடவேளை கேட்டாள்.

“அது புத்தகத்திலை இருக்குத்தானே, மிஸ்” என்றார் அவர்.

“இருக்கு சேர். படிப்பிக்கிறதுதான் இல்லை.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நேரம் ஒதுக்கினார். பெடியளையும் பெட்டையளையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்தே கதைத்தாள். முதல் பத்து நிமிடம் ஒரே குசுகுசுப்பு. பிறகு ஒவ்வொருவராகக் கடதாசி கிழிக்கத் தொடங்கினார்கள். பாடம் முடிந்து, கூடக் கொண்டுபோயிருந்த ரின்னை அவள் திறந்தபோது அறுபதுக்கு மேற்பட்ட துண்டுகள் கிடந்தன. ‘மாதம் தள்ளிப்போனால் எத்தனை நாளில் பயப்பட வேணும்?’ ‘பாமசியில் ஆணுறை கேட்டால் வயது கேட்பினமோ?’ ‘விருப்பமில்லை எண்டு சொன்ன பிறகும் ஒருவர் தொட்டால் அதை ஆரிட்டைச் சொல்லுறது?’ கடைசித் துண்டில் எழுத்து மிகவும் சிறியது. அதை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். அடுத்த முறை அந்த வகுப்புக்குப் போனபோது, யாருடைய துண்டென்று தேடாமல், எல்லாருக்கும் கேட்கும்படி அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொன்னாள். சிறுவர் உதவிக்கான 1929 என்ற எண்ணையும் தன்னுடைய எண்ணையும் கரும்பலகையில் எழுதினாள்.

ஒரு மாதம் போகவில்லை. மொட்டைக் கடிதம் வந்தது. ‘கலியாணம் கட்டாத வேதக்காரப் பிள்ளை ஒன்று எங்கள் பிள்ளைகளைக் கெடுக்கிறது’ என்று தொடங்கி மூன்று பக்கம். பிரகலாதன் அதை அவள் முன்னால் வைத்தார்.

“கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வையும் பிள்ளை. சனம் ஆறட்டும்.”

“எழுத்திலை தாங்கோ சேர். நிப்பாட்டச் சொல்லி, உங்கடை கையெழுத்தோடை.”

அவர் பேனையை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பிறகு மூடிவிட்டு, “நீர் போம்” என்றார்.

அடுத்த புதன் காலை பின்னறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. நிலையத் தலைவர் மார்க்கண்டு, கச்சேரியில் அரசாங்க வேலைசெய்து ஓய்வுபெற்றவர், வாசிகசாலைக் கதிரையில் அசையாமல் இருந்தார். “அறையிலை திருத்த வேலை இருக்கு” என்றார். முற்றத்தில் பன்னிரண்டு தாய்மார் குழந்தைகளோடு நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

வாசிகசாலைக்கு நேர் முன்னால் ஒரு பூவரசமரம் நின்றது. ஜெசிதா ஸ்கூட்டியிலிருந்த தராசை எடுத்து அதன் தாழ்ந்த கொப்பில் கட்டினாள். முதல் குழந்தையைத் துணித்தொட்டியில் இருத்தித் தூக்கியதும் அது ஊரே கேட்கக் கத்தியது. இரண்டாவது அதைப் பார்த்துக் கத்தியது. பதினொரு மணிக்கு வாசிகசாலையில் ஒருவரும் ஒரு வரியும் வாசிக்க முடியாமல் போயிற்று.

“மிஸ்ஸி, அங்காலை ஒழுங்கையிலை வைக்கேலாதே?” என்று உள்ளேயிருந்து ஒருவர் கேட்டார்.

“ஏலாது அண்ணை. நிழல் இஞ்சைதான் இருக்கு.”

மூன்று புதன்கிழமை இப்படியே போனது. நான்காவது கிழமை மார்க்கண்டு பொதுக்கூட்டம் கூட்டினார்.

கூட்டத்துக்கு ஊரில் பாதி வந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் கீர்த்திகாவும் தாய் மகாதேவியும் இருந்தார்கள். ஜெசிதா உள்ளே வந்தபோதே அதைக் கண்டுவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

மார்க்கண்டு எழும்பினார். “புதன்கிழமைக்கு அறையைத் தாறம். சனிக்கிழமை விளையாட்டு வேண்டாம். கலியாணம் கட்டாத பிள்ளை நீர். உமக்கு உதெல்லாம் என்னண்டு தெரியும்?”

“படிச்சுத் தெரியும் ஐயா. எங்கடை பிள்ளையளும் அப்பிடித்தான் தெரிஞ்சுகொள்ள வேணும். பட்டுத் தெரியக்கூடாது.”

பின்னாலிருந்து யாரோ கை தட்டத் தொடங்கிப் பாதியில் விட்டார்கள்.

“எங்கடை ஊரிலை அப்பிடி ஒருதருக்கும் ஒண்டுமில்லை” என்றார் மார்க்கண்டு. “இருந்தால் சொல்லும் பாப்பம். ஒரு பெயர். ஒரே ஒரு பெயர் சொல்லும், இந்த நிமிசமே பூட்டின்ரை திறப்பைத் தாறன்.”

அந்த ஒரு பெயர் ஜெசிதாவின் நாக்கு நுனியில் நின்றது. பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை. ‘புடைவைக்கடை’ என்றால் போதும். மகாதேவியின் முகம் மாறும், அடுத்த கணம் மார்க்கண்டரின் வாய் மூடும், அறை கிடைக்கும். இந்த மனிதருடைய பார்வைக்குப் பயந்து ஏழு மாதம் நொந்த ஒருத்தி இருபது அடி தூரத்தில் இருக்கிறாள் என்று அவருடைய முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்போல அவளுக்கு இருந்தது.

“சொல்ல மாட்டன்” என்றாள்.

“இல்லாததை என்னண்டு சொல்லுறது!” என்றார் மார்க்கண்டு. ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

“இருக்கோ இல்லையோ எண்டும் சொல்ல மாட்டன். என்னட்டை வாறவை என்னை நம்பி வருகினம். அறை உங்கடை, வைச்சிருங்கோ. வாய் என்ரை.”

கை உயர்த்தச் சொன்னார்கள். சனிக்கிழமை வேண்டாமென்று பெரும்பாலான கைகள் உயர்ந்தன. மார்க்கண்டு புதன்கிழமைக்கு என்று திறப்பை நீட்டினார். அவள் வாங்கவில்லை. “ரெண்டுக்கும் சேத்துத் தாற அண்டைக்கு வாங்கிறன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினாள். சந்தி திரும்பும் வரைதான் தைரியம் தாக்குப்பிடித்தது. பிறகு கண் கலங்கி, வீதி தெரியாமல், ஓரமாக நிறுத்தினாள். தோற்றுப்போனாள். ஊரே பார்க்கத் தோற்றுப்போனாள்.

கைபேசி அதிர்ந்தது. கீர்த்திகா. “மிஸ்ஸி, நான் எழும்பிச் சொல்லியிருக்க வேணும். கால் வரேல்லை.”

“நீ ஏன் எழும்ப வேணும்? அவையளுக்கு விளங்கப்படுத்தவே நீ வருத்தப்பட்டனீ? பேசாமல் அடுத்த செக்கப்புக்கு ஒழுங்காப் போ.”

அடுத்தநாள் காலை நாகேஸ்வரி வழிமறித்தாள். மீன்பிடிக் குடும்பத்துப் பெண். மூன்று பிள்ளைகளின் தாய். மூன்றையும் பூவரசங்கொப்பில் நிறை பார்த்தவள். “மிஸ்ஸி, எங்கடை வீட்டுப் பக்கத்தறை சும்மாதான் கிடக்கு. கடற்கரைப் பக்கத்தாலையும் வரலாம், ஒழுங்கையாலையும் வரலாம். வலை பாக்க வாறவன் ஆர், உங்களைப் பாக்க வாறவன் ஆர் எண்டு ஒருதருக்கும் தெரியாது.”

“உங்கடை மனுசன் என்ன சொல்லுவார்?”

“அந்தாள் கடலாலை வரட்டும், சொல்லுறன். கேக்கிறதுக்கில்லை, சொல்லுறதுக்கு.”

முன்பு சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர்தான் வந்தார்கள். நாகேஸ்வரி வீட்டில் முதல் சனிக்கிழமை பதினாறு பேர். ஜெசிதாவுக்கு நம்ப முடியவில்லை. படகுக்குப் போகிற டிலக்ஷன் என்ற இருபத்திரண்டு வயதுக்காரன் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். “ரெண்டு மாசமாச் சலம் போகேக்கை எரியுது, மிஸ்ஸி.”

“ரெண்டு மாசமும் எங்கை போனனீ?”

“ஒரு இடமும் போகேல்லை. அண்டைக்குக் கூட்டத்திலை நான் பின்னுக்கு நிண்டனான். அவ்வளவு பேரும் கேட்டும் நீங்கள் வாய் திறக்கேல்லை. அப்பதான் நினைச்சன், இந்த மனிசியிட்டைச் சொல்லலாமெண்டு.”

செவ்வாய்க்கிழமை அவனோடு கூடவே நகரிலுள்ள பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போனாள். இரத்தம் எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், பழகிய பெண்ணையும் கூட்டிவரச் சொன்னார்கள். அடுத்த கிழமை அவளையும் கூட்டிவந்தான். இருவருக்கும் சுகமானது.

ஐப்பசி மழை தொடங்கியபோது பூவரசமரத்தடியில் தண்ணீர் தேங்கியது. தாய்மார் குடை பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். இரண்டாவது புதன், மார்க்கண்டு தானாகவே வந்து பூட்டைத் திறந்துவிட்டார். “பிள்ளையள் நனையுதுகள்” என்றார்.

“சனிக்கிழமை, ஐயா?”

“அது… வைச்சுக்கொள்ளும்.”

“நன்றி ஐயா. சனிக்கிழமைக்கு இப்ப எங்களுக்கு வேறை இடம் இருக்கு. அங்கை பேப்பர் வாசிக்க ஒருதரும் வாறேல்லை.”

மார்க்கண்டு வாசிகசாலைக்குள் போய்ப் பேப்பரை விரித்தார்.

தை மாதம் இன்னொரு மொட்டைக் கடிதம் வந்தது. இந்தமுறை ஐந்து பக்கம். பிரகலாதன் அதை அவளிடம் நீட்டி, “என்ன செய்யப் போறீர்?” என்று கேட்டார். ஜெசிதா வாசிக்கவில்லை. கைப்பையிலிருந்து மாதாந்த விபரத் தாளை எடுத்து அவருடைய மேசையில் வைத்தாள். கடைசிச் சனிக்கிழமை மட்டும் நாற்பத்தொரு பேர்.

“ஒரு நாள் காணாது சேர்” என்றாள், வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்கும் குரலில். “ஞாயிற்றுக்கிழமையும் வேணும்.”