பல்லில் கவ்விய பை

‘தை மாதம், செவ்வாய்க்கிழமை, பொன்னேரி ரயில்’ என்கிறது என் குறிப்பு. வழக்குக் காகிதங்கள் வைத்த பையைப் பல்லில் கவ்வி, இரு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடி ஓர் அம்மாள் ஏறினார். பழவேற்காடு ஏரிச் சேற்றில் இரு கைகளாலும் இறால் தடவும் பெண்கள் கூடையை அப்படித்தான் பிடிப்பார்கள்.

“எங்கேம்மா?” என்றேன். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“ஐகோர்ட்டுக்கு சார். மாப்ள வுட்டுட்டுப் பூட்டான். எம் பொண்ணு கலைச்சிடணும்னுது. ஆறு மாசம் தாண்டிச்சு, கோர்ட்டு ஆர்டர் கொண்டானு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்கோ.”

“ஊர்ல ஒண்ணும் சொல்லலியா?”

“கேஸு போட்டா உன் ஊட்டுக்காரன் ஏரில வலை போடுற முறைய வெட்டிருவோம்னாங்கோ. ஏரி ஊரோடது, வெட்டிக்கோ. எம் பொண்ணு வயிறுமா ஊரோடதுன்னேன். கெளம்பி வந்துட்டேன்.”



கோர்ட் அனுமதி கிடைத்ததாகப் பிறகு ஏரியோரச் சுண்ணாம்புக்குளத்தில் கேள்விப்பட்டேன், இன்னும் சரிபார்க்கவில்லை. பையில் ஆழப் பதிந்திருந்த பற்குறியை மட்டும் நானே பார்த்தேன்.