நாலாவது ஆளுக்கு டிக்கெட் இல்லை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் எடப்புளி நாட்டு மலைக்கிராமங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அன்றைக்கு வந்த மாதிரி ஒரு கோபம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. ஒரு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தி முடித்த பிறகு, கத்தியதில் ஒரு சொல்கூட அந்தப் பக்கம் போகவில்லை என்று தெரிந்தால் உங்களுக்கும் வரும்.

கொல்லிமலையில் மிளகுக்கொடி வைத்திருக்கும் குடும்பங்கள் பல சேர்ந்து ஓர் உழவர் கம்பெனி நடத்துகிறோம். கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். தகரக்கூரை போட்ட ஒற்றை அறை, ஒரு தராசு, ஒரு கம்ப்யூட்டர், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண், ஐந்து இயக்குநர்கள். அந்த ஐந்து பேரில் நானும் என் நாத்தனாரும் உண்டு. மிளகை வாங்குவது கோயம்புத்தூரில் உள்ள ஒரு பெரிய மசாலாக் கம்பெனி. மாசி பிறந்தால் அவர்களுடைய லாரி எழுபது வளைவும் ஏறி எங்கள் அறை வாசலுக்கே வந்து மூட்டையை எடுத்துக்கொள்ளும். அந்த லாரி வருவதால்தான் எங்களுக்கு ஒரு கம்பெனி இருந்தது. அதற்கு முன்பெல்லாம் அவரவர் மூட்டையை அவரவர் பஸ்ஸில் போட்டுக்கொண்டு அடிவாரத்துக்குப் போவோம். வியாபாரி சொன்னதுதான் விலை, அவன் நிறுத்ததுதான் எடை. திரும்பத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

வாங்குகிற கம்பெனி ஆண்டுக்கொரு முறை மிளகு கொடுப்பவர்களை எல்லாம் கோயம்புத்தூருக்கு அழைத்து மாநாடு நடத்தும். பஸ் காசு கொடுப்பார்கள். பை, பேனா, ஐஸ்கிரீமோடு சாப்பாடு. போன வருஷம் வியாபாரம் மந்தம் என்று கடிதம் வந்தது. யாருக்கும் பயணச் செலவு இல்லை, மாநாடு வீடியோவில் நடக்கும் என்றார்கள். எங்கள் தலைவருக்கு அதில் ஏக சந்தோஷம். அவர் ஒரு டீ வாங்கினால் இரண்டு டம்ளர் கேட்கிற மனுஷர். கையோடு, இயக்குநர்களுக்கும் இந்த வருஷம் பயணச் செலவு கிடையாது என்று ஒரு தீர்மானம் போட்டுவிட்டார்.

மாநாட்டன்றைக்கு ஐப்பசி மழை தகரத்தின் மேல் கொட்டுகொட்டென்று கொட்டியது. திரையில் மசாலாக் கம்பெனி மேனேஜர் பேசினார். இனி லாரி மலை ஏறாது, மூட்டையை அடிவாரத்துக் காரவள்ளியில் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்றார். நான் கத்தினேன். தலைவர் எழுந்து நின்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். நாத்தனார் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றாள். அந்த மேனேஜர் சிரித்துக்கொண்டே திரும்பக் கையை ஆட்டினார், டாட்டா காட்டுகிறாளாம்! "யாருக்கும் ஆட்சேபணை இல்லை, நன்றி" என்றார். திரை இருண்டது.

கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, மழச்சத்தம் கேக்குதுன்னு அவிங்களே நம்ம மைக்க நிறுத்திப்போட்டாங்க. இதா, செவப்புக் கோடு தெரியுது பாருங்க."

அந்த வாரமே இயக்குநர் கூட்டம் போட்டோம். ஒப்பந்தத்தை முடிவு செய்ய அவர்கள் இன்னொரு வீடியோக் கூட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு நேரில் போக வேண்டும் என்றேன்.

"நேர்ல போயி என்ன அம்மிணி ஆவப்போவுது? மார்க்கெட்டே படுத்துக் கெடக்குது. சுண்டக்கா காப்பணம், சுமகூலி முக்காப்பணம்னு ஆயிரும்" என்றார் தலைவர். "போன்ல பேசிப் பாரு."

"பேசுனனுங்கண்ணா. மெயில் போடுங்கறாங்க. மெயில் போட்டா மீட்டிங்ல பேசுங்கறாங்க. மீட்டிங்ல வாயத் தொறந்தா மைக்க அமுத்திப்புடறாங்க."

"தீர்மானம் இருக்குதே."

"அவிங்க செலவ மிச்சம் புடிக்கறோம்னு நம்ம வாயக் கட்டுனாங்க. நாமளும் மிச்சம் புடிக்கறோம்னு நம்ம வாய நாமளே கட்டிக்கோணுமாக்கும்? உங்க தீர்மானத்த நீங்களே வெச்சுக்கோங்க. நான் என் கோழிய வித்துப்போட்டுப் போறேன்."

மற்ற இருவரும் கூரையில் ஒழுக்கு எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ஒப்பந்தக் கூட்டத்தன்றைக்கு விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு நானும் நாத்தனாரும் நின்றோம். பார்த்தால், சலவை வேட்டியும் மஞ்சப்பையுமாகத் தலைவர் வருகிறார். "பொம்பளைங்க மட்டும் போனா, கம்பெனில ஆம்பளையே இல்லியான்னு கேப்பாங்கல்ல" என்றார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். வந்தாரே, அது போதும். அப்புறம்தான் அவர் எங்களை எண்ணிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அட, மூணு பேராயிட்டமே!"

எங்கள் பக்கம் ஒரு காரியமாக மூன்று பேர் சேர்ந்து கிளம்ப மாட்டார்கள். போன காரியம் முறியும் என்பார்கள். வேறு வழியில்லாவிட்டால் ஒரு கல்லை எடுத்துக்கொள்வார்கள், அதுதான் நாலாவது ஆள். தலைவர் ரோட்டோரம் ஒரு கல்லைப் பொறுக்கித் துண்டில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கண்டக்டர் வந்தபோது, "மூணு டிக்கெட்டுங்க. நாலாவது ஆளுக்கு டிக்கெட் இல்லீங்க" என்றார். சிரித்துத் தொலைத்தேன்.

கோயம்புத்தூரில் வாசல் காவலரிடம் வாதாடி உள்ளே போவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. மேனேஜர் பதறிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்கம்மா, இத்தன தூரம்? எங்க ஆளுங்களே பஸ்ஸேறக் கூடாதுன்னு உத்தரவுங்க. வீட்டுல இருந்தே கலந்துக்கலாமில்லீங்க?"

"கலந்துக்கிட்டமுங்க. நீங்க டாட்டா காட்டுனீங்க."

கூட்ட அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. கட்டம் கட்டமாக ஆட்கள். சிறுமலை, ஏற்காடு, பச்சைமலை என்று எல்லா மலைக்காரர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் அதே சிவப்புக் கோடு. ஆண்களும் பெண்களும் வாயை அசைத்துக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. போன மாதம் நானும் இப்படித்தானே இவர்களுக்குத் தெரிந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டே மேசையருகில் போனேன். மேசைத் தலைமாட்டில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தே பேசினேன்.

"மந்தம்னா எங்களுக்கும் மந்தந்தானுங்க. வெலையக் கூட்டுங்கன்னு கேக்க நாங்க வரல. ஆனா செலவக் கொறச்சுட்டோம்னு சொல்றீங்க பாருங்க, அது பொய்யிங்க. செலவு கொறையல. உங்க தலையில இருந்து எறங்கி எங்க தலையில ஏறிக்கிச்சு. அந்த லாரி வல்லீன்னா எங்க கம்பெனி இந்த மாசியோட சரி. திரையில தெரியற இவிங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னீங்க. அந்த மைக்கத் தொறந்து உடுங்க. இவிங்க வாயால சொல்லட்டும், நாங்க இப்பவே பஸ்ஸேறிர்றோம்."

மேனேஜர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். அப்போது எங்கள் தலைவர், வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாத அந்த மனுஷர், பையிலிருந்து கல்லை எடுத்து மேசை மேல் டொக்கென்று வைத்தார். மேனேஜர் ஓரடி பின்னால் போய்விட்டார்.

"பயப்படாதீங்க சாமி. மூணு பேரா வந்தா காரியம் ஆவாதுல்லீங்க, இவரு எங்க நாலாவது ஆளு. பதில் தெரியற வரைக்கும் இவரு இங்கதான் இருப்பாரு. நாங்களும் இருப்போம்."

முதலாளி கல்லைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "தொறந்து உடுங்க" என்றார்.

ஐயோ, அந்தச் சத்தம்! மழை, மாடு, பிள்ளை அழுகை, மிக்ஸி, இத்தனைக்கும் நடுவில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சிறுமலைக்காரர் ஒருவர் கெட்ட வார்த்தையில்தான் ஆரம்பித்தார். லாரி வரணும், லாரி வரணும் என்று நாலா பக்கமிருந்தும் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் அழுவேன், சந்தோஷத்தில் நான் அழுதது அன்றைக்குத்தான்.

விலையில் ஒரு ரூபாய் கூட்டவில்லை. லாரி மட்டும் மலை ஏறும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதை எங்கள் பைக்குள் வைத்த பிறகே தலைவர் கல்லை எடுத்தார். திரும்பி வந்து முதல் வேலையாகத் தீர்மானப் புத்தகத்தை நானே வாங்கி, அந்தப் பயணச் செலவுத் தீர்மானத்தைக் குறுக்கே அடித்தேன். எந்தச் செலவை வேண்டுமானாலும் வெட்டுங்கள், நேரில் போய்க் கேட்கிற செலவை வெட்டாதீர்கள் என்றேன். தலைவர் கீழே கையெழுத்துப் போட்டார்.

மாசியில் லாரி வந்தது. கடைசி வளைவில் ஹாரன் கேட்டதுமே பெண்களெல்லாம் வாசலுக்கு ஓடினோம். டிரைவர் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஏனுங்கம்மா, எழுபது வளைவுங்க! கீழயே கொண்டாந்து குடுத்திருக்கக் கூடாதுங்களா?"

"நாங்க எறங்கி வந்தமுங்க" என்றேன். "இப்ப நீங்க ஏறி வாங்க."